ஈரல் கட்டியும் தங்கபுஷ்பத்தின் கேள்வியும்

ஈரலில் சீழ் கட்டிப் பிழைத்து வந்தவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். அதனால் யாருக்கு வலது விலாவில் வலி கண்டாலும் என்னைத் தேடி வந்து விசாரிக்கிறார்கள். எப்படி வந்தது, டாக்டர் என்ன செய்தார், ஊசி வலித்ததா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதிவைத்தால் பலருக்குப் பிரயோஜனப்படும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், வியாதியைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமும் என்னைப் பற்றிச் சொல்ல நிறையவும் இருக்கிறது என்று தெரிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாதியை மறைத்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நாங்குநேரிக்குக் கிழக்கே ஒரு பனங்காட்டு ஊரில் நான் மிஷன் சபையின் உபதேசியாராக இருந்தேன். குருவானவரை எங்கள் வழக்கில் ஐயர் என்போம். அவர் மாதம் ஒருமுறை வண்டி கட்டி வந்து இராப்போஜன அப்பமும் ரசமும் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் சபை என் கையில். ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் நான்தான். யார் குடித்தான், யார் பழைய சாமி பீடத்துக்குப் போனான் என்று விசாரிப்பதும் நான்தான். தப்பு செய்தவரைக் கோயிலுக்குள் விடாமல் வாசலுக்கு வெளியே நிறுத்துவோம். மூன்று மாதமோ ஆறு மாதமோ அங்கே நின்று ஆராதனை கேட்டுவிட்டு, பிறகு சபை முன்னால் தப்பை ஒப்புக்கொண்டால் உள்ளே வந்து உட்காரலாம். இதற்கு ஊரில் ‘வெளிய நிக்குதது’ என்று பேர். என் சபையில் எப்போதும் இரண்டொருவர் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். சபையை அப்படிச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் கர்வம்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், தங்கபுஷ்பம் என்கிற பெண்ணின் ஒரே மகன் சாமுவேல் காய்ச்சலில் செத்துப்போனான். நாலு வயது. தகப்பன் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன், போனவன்தான். இவள் கருப்பட்டி காய்ச்சி விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். பிள்ளைக்குக் கண் சொருகின அன்று என்ன செய்வது என்று தெரியாமல், வளர்த்த சேவலைத் தூக்கிக்கொண்டு சுடலைமாடன் பீடத்துக்கு ஓடியிருக்கிறாள். பூசாரி கொடுத்த கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கட்டினாள். மறுநாள் விடியும்போது பிள்ளை இல்லை.

நான் போனபோது அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். கயிற்றைப் பார்த்தேன். “அந்தக் கயித்த அறுத்துப் போடு. அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போவோம்” என்றேன்.

“அறுத்தா அவனுக்கு வலிக்கும்யா” என்றாள்.

துக்கத்தில் புத்தி தடுமாறிச் சொன்ன வார்த்தை அது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தோட்டத்து வேலிக்கு வெளியே உடைமரத்தடியில் புதைக்கச் சொல்லிவிட்டேன். ஜெபம் சொல்லவில்லை. சாமுவேல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. ஞானஸ்நானத்தன்று சபை ஏட்டில் அவன் பேரை எழுதினதே என் கைதான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடக்க ஆராதனையை மறுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஐயரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்த மாதம் அவர் வந்தபோது, தங்கபுஷ்பம் சேவல் கொடுத்ததால் வெளியே நிற்கிறாள் என்று மட்டும் சொல்லி, பிள்ளை புதைந்த இடத்தைச் சொல்லாமல் விட்டேன்.

போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வேறு. தேவன் பாவியை நேசிக்கிறார், ஆனால் எல்லாப் பாவியையும் அல்ல, மனந்திரும்பின பாவியைத்தான் என்றேன். கயிறு கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பரலோகத்தில் இடம் இல்லை என்றேன். வாசலில் நின்ற அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னேன். அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள்.

இனி வியாதி. அந்த மார்கழியில் எனக்குச் சீதபேதி கண்டது. கஷாயத்தில் நின்றது என்று நினைத்து விட்டுவிட்டேன். மாசியில் சாயங்காலந்தோறும் குளிர்காய்ச்சல் வர ஆரம்பித்தது. விடியும்போது உடம்பெல்லாம் வியர்த்து, பாய் நனைந்து கிடக்கும். வலது விலாவுக்கு அடியில் கல்லை வைத்துக் கட்டினதுபோல ஒரு பாரம். இதில் அதிசயம் என்னவென்றால் வலது தோளும் வலித்தது. தோளுக்குத் தைலம் தேய்த்தே ஒரு மாதத்தை வீணாக்கினேன். கடைசியில் எழுந்து நிற்க முடியாமல் போனதும், என் மனைவி ராகேல் வண்டியில் வைக்கோல் பரப்பி, என்னைப் படுக்கப்போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நான் கத்தினேன். அவள் என் விலாவைத் தன் கையால் தாங்கிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். உவரியிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர் தம் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். டாக்டர் வெள்ளைக்காரர் அல்ல, எங்கள் ஜனத்தைச் சேர்ந்தவர், சிறுவயசு, அதிகம் பேசாதவர். ஒரு விரலை என் விலாவில் வைத்து இன்னொரு விரலால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். இரண்டு விலா எலும்புக்கு நடுவில் ஓர் இடத்தில் அழுத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது.

“ஈரல்ல கட்டி” என்றார். பேதியை உண்டாக்கின அதே விஷக்கிருமி குடலிலிருந்து ஈரலுக்கு ஏறி அங்கே சதையை அரித்துச் சீழாக்கிவிடுமாம். தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். ஈரலுக்கு மேலே மூச்சு விடுவதற்கு ஒரு தசைத்திரை இருக்கிறதாம். கட்டி அதை உறுத்தினால், அந்த நரம்பு வலியைத் தோளில் கொண்டுபோய்க் காட்டுமாம். நோவு ஓரிடம், அழுகை வேறிடம். புதிதாக வந்திருக்கும் ஓர் ஊசிமருந்தைப் போட்டுப் பார்ப்பதாகவும், கேட்காவிட்டால் தடித்த ஊசியை ஈரலுக்குள் விட்டுச் சீழை இழுக்கவேண்டும் என்றும் சொன்னார். பிழைப்பேனா என்று ராகேல் கேட்டாள். அவர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவள் என் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் பாபநாசத்துப் பக்கம் நிலம் நீச்சு உள்ள சைவப் பிள்ளை ஒருவர் இருந்தார். முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி. குப்புறத்தான் படுக்க முடியும், அதனால் முகம் எந்நேரமும் என் பக்கமே இருக்கும். திருநீறு பூசாமல் கஞ்சி தொடமாட்டார். நான் உபதேசியார் என்று தெரிந்ததும் அவருக்குப் பொழுது போக வழி கிடைத்துவிட்டது.

“வே உபதேசியாரே, ஒம்ம சாமி என்னைய மாதிரி ஆள சேத்துக்கிடுமா? பொய் சொல்லாமச் சொல்லும்.”

“மனந்திரும்பினா சேத்துக்கிடுவார்.”

“திரும்பக்கூட முடியாம குப்புறக் கெடக்கேன். அப்ப எனக்கு இல்லைங்கீரு.”

சிரித்துவிட்டு அவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது. அந்த ஊசிமருந்து குமட்டலைக் கிளப்பும். வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்தவனுக்கு ஒரு வரி ஜெபம் சொல்ல ஓடவில்லை. என் பாவத்தை நினைத்து அழக்கூடத் தெம்பு இல்லை, தண்ணீர் வேண்டும் என்பது ஒன்றுதான் நினைப்பு. நான் முதலில் மனந்திரும்பவேண்டும், பிறகுதான் தேவன் நேசிப்பார் என்றால், இப்போது என் கதி என்ன? கண் சொருகிக் கிடந்த நாலு வயசுப் பிள்ளை எதிலிருந்து எங்கே திரும்பும்? பன்னிரண்டு வருஷம் பிரசங்கித்த ஒரு காரியத்தைப் பீங்கான் சட்டியில் வாந்தி எடுத்துக்கொண்டுதான் முதல்முதலாக யோசித்தேன்.

ஐந்தாம் நாள் தங்கபுஷ்பம் வந்தாள். கருப்பட்டி விற்கச் சந்தைக்கு வந்தவள், நான் சாகக் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். வார்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நர்ஸ் சொல்லியும் வரவில்லை. ராகேல் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

“ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்யா” என்றாள். “எம்புள்ளைக்கு அங்கன எடம் உண்டா, இல்லையா? இல்லைன்னு அன்னைக்குச் சொன்னிய. நெசமாவே இல்லையா? நீங்க போறதுக்கு முன்ன சொல்லிட்டுப் போங்க.”

உண்டு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால், அன்று நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே! சாகிற நேரத்திலும் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. “அது தேவரகசியம். மனுஷன் தீர்க்கிற காரியம் இல்லை. ஐயர் வரும்போது கேளு” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் ஒரு சில்லுக் கருப்பட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

ஊசிமருந்து மட்டும் போதவில்லை. சீழை இழுப்பது என்று டாக்டர் நாள் குறித்தார். அதற்கு முந்தின மூன்று நாளும் ராகேல், தாமிரபரணியில் துணி அலசிவிட்டு வந்ததும், என் விலாவில் ஏதோ எண்ணெய் தடவினாள். டாக்டர் கொடுத்த தைலம் என்று நினைத்துக்கொண்டேன். குறித்த நாளில் டாக்டர் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

“யாரு இங்க எண்ணெய் தேச்சது? ஊசி போற எடம் சுத்தமா இருக்கணும்னு தெரியாது? அழுக்கு உள்ள போனா அதுவே ஆளக் கொன்னுரும்.”

ராகேல் தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் சோப்பும் சாராயமும் போட்டு மூன்று தடவை கழுவினாள். மூக்கில் துணியை வைத்துக் குளோரபாரம் சொட்டுவிட்டார்கள். இனிப்பும் நாற்றமுமாக ஒரு வாசனை. பத்து எண்ணுவதற்குள் நான் இல்லை. கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. வந்த சீழைக் கண்ணாடிக் குவளையில் காட்டினார்கள். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், பிண்ணாக்கைக் கரைத்த நிறத்தில் இருந்தது, முக்கால் படிக்குக் குறையாது. அன்று சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பசித்தது. ராகேல் கஞ்சியை ஊட்டிக்கொண்டே விம்மினாள்.

“அந்த எண்ணெய் எது?” என்று கேட்டேன்.

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “உவரிக் கோயில் வெளக்கு எண்ணெய். அந்தோனியாருக்கு நேந்துக்கிட்டேன்.”

உவரி வேறு சபையான கத்தோலிக்கர் ஊர். அங்கே புனிதருக்கு நேர்ச்சை செய்வதை நாங்கள் விக்கிரக ஆராதனைக்குச் சமமாக வைத்துக் கண்டிப்போம். அதற்காகவே இரண்டு குடும்பத்தை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழாயோடு எழுந்திருக்கப் பார்த்தேன்.

“உபதேசியார் பெண்டாட்டியா நீ? இத நான் ஐயருக்கு எழுதாம விடமாட்டேன்.”

“எழுதுங்க” என்றாள். “ஒங்க உசிரு தங்காதுன்னு டாக்டரு எங்கிட்டத்தான சொன்னாரு. நான் எங்க போவேன்? யார்ட்ட அழுவேன்? நான் போனா ஊர் கண்டுக்கிடும்னுதான் தங்கபுஷ்பத்த அனுப்புனேன். அவ ஏற்கெனவே வெளிய நிக்குதவ. அவள யாரு என்ன கேக்கப் போறா?”

எழப் பார்த்த நான் அப்படியே தலையணையில் சாய்ந்தேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து பிள்ளையின் குரல் வந்தது. “வே, கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன், மன்னிச்சுக்கிடும். புள்ளைக்காகக் கோழி கொடுத்தவள வெளிய நிப்பாட்டினீரு. ஒமக்காக எண்ணெய் வாங்குனவள எங்க நிப்பாட்டுவீரு? நம்ம எல்லாரையும் நிப்பாட்ட ஒம்ம கோயிலுக்கு வெளிய எடம் காணுமா?”

சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண்டாட்டி பயத்தில் செய்ததைத்தான் தங்கபுஷ்பமும் பயத்தில் செய்தாள். இவளை மன்னிக்க என் மனசு அதற்குள் ஆயிரம் காரணம் தேடிவிட்டது. அவளுக்கு ஒரு காரணத்தைக்கூட நான் தேடவில்லை. அவளுடைய காலடியில் விழுந்தாலும் தீராது என்று தோன்றியது. எங்கள் ஊருக்கு நடந்து, அங்கிருந்து மணலில் உவரிக்கு நடந்து, திரும்பவும் பாளையங்கோட்டைக்கு நடந்து வந்திருக்கிறாள். வெயில் காலம் வேறு. யாருக்காக? தன் பிள்ளையை வேலிக்கு வெளியே போடச் சொன்னவனுக்காக.

அடுத்த சந்தைக்கு அவள் வந்தபோது ராகேலை விட்டு அழைத்துவரச் சொன்னேன். அவளைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டே, “எனக்காக எதுக்கு அவ்வளவு தூரம் போன?” என்று கேட்டேன். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்வாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் அழவில்லை. “நீங்க செத்துட்டியன்னா எனக்குப் பதிலு இல்லாமப் போயிரும்லா” என்றாள். “எடம் இல்லைன்னு சொன்னது ஒங்க வாயி. அந்த வாயிதான் திருப்பிச் சொல்லணும். அதுக்குத்தான் ஒங்க உசிரக் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல.”

“உண்டு” என்றேன். “ஒம்புள்ளைக்கு அங்க எடம் உண்டு. நான் சொன்னது பொய். அந்தப் பிள்ளைய வெளிய வைக்கச் சொல்ல எனக்கு அதிகாரமே இல்லை.”

“இங்க சொன்னா ஒங்க வீட்டம்மாவுக்கும் இந்தப் பிள்ளைவாளுக்குந்தான் கேக்கும். அன்னைக்கு ஊருக்கே சொன்னிய” என்றாள். சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குழாயை எடுத்து, புண் ஆறி, வைகாசியில் ஊருக்குத் திரும்பினேன். முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. சபை நிறைந்து வழிந்தது. நான் எழுந்து நின்றேன். வாசலில் அவள் நின்றாள். டாக்டருக்கு நன்றி சொன்னேன், ஜெபித்த எல்லாருக்கும் நன்றி சொன்னேன், தேவனுடைய கிருபை பெரியது என்றேன். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. இத்தனை பேர் முன்னால், இத்தனை வருஷம் பிரசங்கித்த பிறகு, நான் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். வாசலைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை, அந்த ஒரு வாரம் நான் பட்டதுதான் பாடு. ராகேல் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, “நேர்ச்சைய நான் சொல்லிருதேன். ஒங்க பங்க நீங்க சொல்லுங்க” என்றாள்.

அடுத்த ஞாயிறு ஐயர் வந்தார். இராப்போஜனத்துக்கு முன்னால் நான் எழுந்தேன். இந்த முறை எதையும் யோசிக்கவில்லை, யோசித்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும். சாமுவேல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை என்றேன். அவனை வேலிக்கு வெளியே புதைக்கச் சொன்னது என் அகங்காரம் என்றேன். அதை ஐயரிடம் மறைத்ததைச் சொன்னேன். என் வீட்டில் எனக்காக நடந்த நேர்ச்சையைச் சொல்லத் தொடங்கியதும், ராகேல் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டாள். “மனந்திரும்பினவனைத்தான் தேவன் நேசிப்பார் என்று உங்களுக்குச் சொன்னேன். நான் திரும்புவதற்கு முன்னாலேயே என்னை நேசித்தார். இல்லாவிட்டால் இன்று நான் இங்கே நிற்கமாட்டேன். தங்கபுஷ்பத்தின் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு. இல்லை என்று நான் சொன்னது பொய்” என்றேன். பின்னால் யாரோ ஒரு கிழவர் இருமினார்.

ஐயர் அன்றே உடைமரத்தடிக்குப் போய், நாங்களெல்லாரும் சுற்றி நிற்க, அடக்க ஜெபத்தை முழுவதும் சொன்னார். தங்கபுஷ்பத்தின் தண்டனையை நீக்கினார். என்னை உபதேசியார் வேலையிலிருந்து விலக்கி, ஆறு மாதம் வெளியே நிற்கச் சொன்னார். ராகேலுக்கு மூன்று மாதம். சரியான தீர்ப்பு. எனக்கு அதில் குறை இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு மணி அடித்ததும் நானும் ராகேலும் போய் வாசலுக்கு வெளியே நின்றோம். நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் என்னைக் கடந்து உள்ளே போனார்கள், சிலர் வெட்கப்பட்டுக் கும்பிட்டார்கள். தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியாகத் தங்கபுஷ்பம் வந்தாள். வெளுத்த சேலை, எண்ணெய் தடவிச் சீவின தலை. வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எம்புள்ளைக்கு உண்டுன்னா, ஒங்களுக்கும் இருக்கும்லாய்யா” என்றாள். “பைய வாங்க.”

அவள் உள்ளே போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. நான் வெளியே நின்று, சபை பார்க்க, சிறுபிள்ளைபோல அழுதேன்.